நம்பு என்றொரு துப்பாக்கி

1

பழைய சாமான்களைப் புதுசாக்கிக் காட்டும் காணொளிகளை நான் நிறையப் பார்ப்பவன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தூக்கம் பிடிக்காத நேரத்தில் அவை ஒரு தாலாட்டு மாதிரி. யாரும் பேச மாட்டார்கள். இரண்டு கைகள் மட்டும் தெரியும். துருவேறிய அரிவாளோ, நசுங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கோ, ஓடாத தையல் மெஷினோ மேசைமேல் வரும். இருபது நிமிடத்தில் இப்போதுதான் கடையில் வாங்கியதுபோலப் பளபளத்து நிற்கும். சொந்த வாழ்க்கையில் எதையும் இப்படிச் சரிசெய்ய முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அப்படி ஒரு ராத்திரியில் வந்ததுதான் அந்தப் பழைய ஜப்பானிய ராணுவக் கைத்துப்பாக்கி. மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தது போல இருந்தது. கைகள் அதைப் பிரித்தன. பிடியின் திருகாணிகளைக் கழற்றி, பாகங்களைத் துரு நீக்கும் திரவத்தில் ஊறப் போட்டன. பிறகு மணல் வீச்சு. அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சி இரும்பின் மேல்தோலை உரிக்கிற வேலை அது. குழி விழுந்த இடங்களைப் பற்றவைத்து நிரப்பி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி போல மெருகேற்றி, மேலே கருநீலம் ஏற்றின. பிடிக்குப் புது மரம். கடைசியில் அதைத் தூக்கி வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டின. அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் நான் ஒரு இடத்தில் நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். மணல் வீச்சுக்கு முந்திய காட்சியில், வலது பக்கத்தில், சின்னதாகச் சில எழுத்துகளும் எண்களும் ஒரு நொடி தெரிந்தன. பிந்திய காட்சியில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. அந்தத் துப்பாக்கிக்காக நான் அவ்வளவு வருத்தப்பட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே காரியத்தை நான் ஏற்கெனவே என் கையால் செய்து முடித்திருந்தேன்.

2

எங்கள் ஊர் திருவரங்குளம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது. சோழர் காலத்துச் சிவன் கோயில் உள்ள ஊர். இந்தப் பக்கத்து ஊர்களில் பழைய வீடுகளின் பரணை ஏறிப் பார்த்தால் பல வீடுகளில் ஒரு மலேயாப் பெட்டியோ பர்மாப் பெட்டியோ கிடைக்கும். ராஜா தலை போட்ட காசு, பீங்கான் ஜாடி, எதற்கும் உதவாத கட்டுக்கட்டான ஜப்பான் காலத்து நோட்டு. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருந்ததால் அதற்கு வாழைமர நோட்டு என்றே பெயர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது.

என் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதினார். போருக்கு முன் போனவர், போர் முடிந்து ரஜூலா கப்பலில் திரும்பினார். அவருடைய பெட்டியில் ஒரு தோல் உறை இருந்தது. கெட்டியான தோலில், சிப்பி ஓடு போல வளைந்து மூடுகிற மூடி. பின்னால் இடுப்பு வாரில் கோக்க ஒரு மடிப்பு. மேலே தோள் வாருக்கு இரண்டு வளையங்கள். துப்பாக்கி கிடையாது, உறை மட்டும்தான். அய்யா அதில் அடகுச் சீட்டுகளும் சுண்ணாம்பு டப்பியும் வைத்திருந்தாராம். அப்பா காலத்தில் மின்கட்டண ரசீதுகள். என் காலத்தில் ஒன்றுமில்லை, சும்மா கிடந்தது.

மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் கீறிய ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே மங்கிப்போன மை முத்திரை ஒன்றும், கட்டம் கட்டமாகச் சில எழுத்துகளும்.

2020 ஊரடங்கில் நான் ஊரில் இருந்தேன். காணொளிகள் பார்த்துப் பார்த்துக் கை அரித்தது. உறையை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் பூசி வெயிலில் வைத்தேன். பழுப்பு ஷூ பாலிஷ் போட்டுத் துணியால் இழுத்து இழுத்துத் தேய்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னது: "ஏன்டா, அது கெடக்குறபடி கெடந்துட்டுப் போகுது. அதத் தேச்சு நீ என்ன எடுக்கப்போற?"

எனக்குப் பெருமைதான். படமெடுத்து, ஜப்பானிய ராணுவச் சாமான்கள் சேகரிக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது. இது நம்பு டைப் 14 கைத்துப்பாக்கியின் உறை. மூடிக்கு உள்ளே மை முத்திரை இருக்கும், அதில் செய்த ஆண்டு தெரியலாம், அதை மட்டும் நன்றாகப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.

மூடியைத் திறந்தேன். பிள்ளையார் சுழி இருந்தது. கீறல் ஆச்சே, எங்கே போகும்? மை போயிருந்தது.

3

தமிழில் எழுதினால் அந்தத் துப்பாக்கியின் பெயரே ஓர் ஏவல்: நம்பு. அதை வடிவமைத்த ஜப்பானிய ராணுவ அதிகாரி கிஜிரோ நம்புவின் குடும்பப் பெயர் அது. டைப் 14 என்பது தைஷோ பேரரசரின் 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1925. எட்டு மில்லிமீட்டர் தோட்டா, எட்டுத் தோட்டாக் கூடு. உறையின் வளைந்த மூடிக்குள் துப்பாக்கியோடு தோட்டாக்களுக்கும் சுத்தம் செய்யும் கம்பிக்கும் இடம் உண்டு. குத்தூசி அடிக்கடி உடையும் என்பதால் உபரியாக ஒன்று வைக்கத் தனி இடமும் உண்டு. சின்னப் பிள்ளையில் நான் பென்சில் செருகி விளையாடிய துளை எதற்கானது என்று முப்பது வயதில்தான் தெரிந்தது.

இந்தத் துப்பாக்கியைச் சேகரிப்பவர்கள் அதை ஒரு பிரதியைப் போலப் படிக்கிறார்கள். வலது பக்கத்தில் வரிசை எண். பக்கத்தில் ஷோவா என்ற ஆட்சிப் பெயரின் முதல் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். 18.10 என்று இருந்தால் ஷோவா 18ஆம் ஆண்டு, பத்தாம் மாதம். ஆண்டோடு 1925ஐக் கூட்ட வேண்டும். ஆக, அது 1943 அக்டோபர்.

அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். அதே அக்டோபரில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையின் இரு முனைகளும் சேர்ந்தன. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அந்தப் பாதையில் ஆயிரமாயிரமாகச் செத்திருந்தார்கள். அதே அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்தார். கேட்டுக் கை தட்டியவர்களிலும் தோட்டத் தமிழர்கள் இருந்தார்கள். ஒரே ராணுவம் ஒரு பக்கம் தமிழனைக் காட்டில் சாகவிட்டது, இன்னொரு பக்கம் விடுதலைக்குத் துணை என்று வந்து நின்றது. 18.10 என்ற நான்கு இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதில் இவ்வளவும் இருக்கிறது. மணல் வீச்சு முதலில் எடுத்துக்கொண்டு போவது இதைத்தான்.

எண்கள் மட்டுமில்லை. விசைக் காப்பு வளையம் பெரிதாக இருந்தால் அது மஞ்சூரியக் குளிரில் கையுறை போட்ட விரலுக்காகச் செய்த மாற்றம். சிறு பாகங்களில் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் குத்தியிருக்கும். அவை ஒத்துப்போகாவிட்டால் துப்பாக்கி எங்கோ பழுதாகி, இன்னொன்றின் பாகத்தைக் கடன் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். போர் முற்ற முற்ற வேலைப்பாடு முரடாகிறது. கடைசலின் தடங்கள் தேய்க்கப்படாமல் நிற்கின்றன. பிடியில் வரிவரியாக இருந்த பள்ளங்கள் போய் வெறும் மரம் வருகிறது. தோல் தட்டுப்பாட்டில் உறைகள் ரப்பர் பூசிய துணிக்கு இறங்குகின்றன. அந்த முரட்டுத் தடங்கள்தாம் ஜப்பான் தோற்றுக்கொண்டிருந்ததற்குச் சாட்சி. அதை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குகிறவர் ஒரு தோல்வியைத் தேய்த்து அழிக்கிறார். 1944இல் அந்தத் துப்பாக்கி இவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை.

பொறுப்பான சேகரிப்பாளர்கள் செய்வது வேறு. பரவிக்கொண்டிருக்கும் செந்துருவை எண்ணெயில் ஊறவைத்து, இரும்பைக் கீறாத மெல்லிய வெண்கலக் கம்பிப் பஞ்சால் மெதுவாக எடுக்கிறார்கள். அடங்கிப்போய் இரும்போடு ஒட்டிக்கொண்ட பழுப்பை விட்டுவிடுகிறார்கள். மேலே மெல்லிய மெழுகு, அவ்வளவுதான். எதைச் செய்தாலும் நாளை இன்னொருவர் அதைத் திரும்ப எடுத்துவிட முடிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இப்படிச் செய்கிற காணொளிகளும் இருக்கின்றன. சலிப்பாக இருக்கும். முன்னும் பின்னும் பெரிய வித்தியாசமே தெரியாது.

நான் குறை சொல்வது அந்த இன்னொரு வகையை, அதன் அழகியலை. அதற்கு முன், பின் என்ற இரண்டு காலங்கள் மட்டுமே உண்டு. நடுவில் நடந்ததெல்லாம் அழுக்கு. சில காணொளிகளில் துருவே செயற்கை. நல்ல சாமானை வேண்டுமென்றே துருப்பிடிக்கவைத்துப் பிறகு மீட்கிறார்கள். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த வடிவத்துக்குப் பொருள் மேல் அக்கறை கிடையாது. பளபளப்பு தரும் திருப்திதான் அதன் சரக்கு.

4

இந்தியாவில் இதையெல்லாம் துப்பாக்கியை வைத்துக்கொண்டு செய்துபார்க்க நமக்கு வழியில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி என்றால் உரிமம் வேண்டும். அமெரிக்காவில் தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த நம்பு, பேரன் கையில் இருக்கிறது. அதைக் கொண்டுபோக ராணுவம் கொடுத்த சான்றுத் தாளும் சில வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. நமக்கு உறைதான். உறைக்கு உரிமம் வேண்டாம், சான்றுத் தாளும் கிடையாது. இருப்பவை வாய்ச்சொற்கள். எங்கள் வீட்டில் மூன்று.

அப்பத்தா சொல்வது: ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்த புதுசுல ஒரு ஆபீசர் கடைக்கு வந்து போவான். அய்யா அவனுக்கு ஏதோ ஒத்தாசை பண்ணினார். அவன் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போனான்.

பெரியப்பா சொல்வது: அய்யா ஐ.என்.ஏ.வில் இருந்தார். நேதாஜி படையில் கொடுத்த துப்பாக்கி அது. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் துப்பாக்கியைக் கடலில் வீசிவிட்டு உறையை மட்டும் வைத்துக்கொண்டார்.

அப்பா சொல்வது: சரணடைஞ்ச பெறகு இதெல்லாம் சந்தையில குப்பையாக் கெடந்துருக்கும். தோலு நல்ல தோலு. அதான் வாங்கியிருப்பாரு.

பெரியப்பா கதைதான் எங்களுக்கெல்லாம் பிடித்தது. ஆனால் ஐ.என்.ஏ.வின் கையில் இருந்தவை பெரும்பாலும் சிங்கப்பூர் வீழ்ச்சியில் பிடிபட்ட பிரிட்டிஷ் ஆயுதங்கள். ஜப்பானியக் கைத்துப்பாக்கி ஒரு சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைப்பது அரிது. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், பாரம் அந்தக் கதையின் தலையில்தான் விழுகிறது.

மிச்சம் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் மூன்று வருஷமும், ஒரு மனிதரின் நடத்தையும் இருக்கிறது. ஆக்கிரமிப்பு தொடங்கிய நாட்களில் ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை செய்த ஒத்தாசை என்னவாக இருக்கும்? கள்ளச் சந்தையில் அரிசியா, சாராயமா? வெறும் மொழிபெயர்ப்பா? அல்லது பெயர்களா? 1942 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சிங்கப்பூரில் சீனர்களைக் கூட்டங்கூட்டமாக நிறுத்திப் பிரித்துக் கொன்றார்கள். மலேயாவிலும் அது நடந்தது. அங்கெல்லாம் முகத்தை மூடிய ஆள்காட்டிகள் விரல் நீட்டினார்கள். ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும்போது பட்டியல் எழுதவும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அப்பத்தா பெருமையாகச் சொல்லும் கதையில் இந்த இருட்டு இருக்கிறது. அது அதற்குத் தெரியாது.

அந்த மை முத்திரையில் ஷோவா 18 என்றோ 19 என்றோ இருந்திருந்தால், 1942 கதை அன்றோடு முடிந்திருக்கும். 1943இல் செய்த உறையை 1942இல் யாரும் பரிசாகக் கொடுக்க முடியாது. 16 என்று இருந்திருந்தால் அந்தக் கதை நிரூபணமாகியிருக்காது, ஆனால் உயிரோடு இருந்திருக்கும். எது என்று இனி யாருக்கும் தெரியாது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

நான் எந்தக் கதையை நம்ப விரும்புகிறேன் என்று எனக்குத் தெரியும், அப்பா சொன்னதைத்தான். அது அய்யாவைக் காப்பாற்றுகிறது. அதனாலேயே அதை நம்பக் கூடாது என்பதும் தெரியும்.

5

ஓலைச்சுவடிகளோடு வாழ்ந்தவர்களுக்கு இது புதுப் பிரச்சினை இல்லை. ஒரே நூலுக்குப் பல சுவடிகள், சுவடிக்குச் சுவடி வேறு பாடங்கள். செல்லரித்த இடங்களில் எழுத்தே இருக்காது. யாப்புத் தெரிந்த புலவனுக்கு அந்த ஓட்டையை அடைப்பது பெரிய காரியமில்லை. சீர் கணக்குத் தெரியும், எதுகை மோனை தெரியும், கருத்தும் முன்பின்னாகப் பிடிபடும். ஒரு நல்ல சொல்லைச் செருகினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். இன்றும் எந்தப் பதிப்பை எடுத்தாலும் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. இன்னும் பல பாட்டுகளில் அடிகள் பாதியில் நின்று, புள்ளி புள்ளியாக ஓடும். பள்ளிக்கூட நாட்களில் அது அச்சுப் பிழை என்று நினைத்தேன். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாடு ரொம்பப் பிந்தித்தான் புரிந்தது. நிரப்பத் திறமை இருந்தும் நிரப்பாமல் விடுவது. 'இங்கே ஒன்று இருந்தது, என் கைக்கு வந்தபோது இல்லை' என்று அச்சிலேயே ஒப்புக்கொள்வது. அப்படி விட்டதால்தான் மிச்சமுள்ள வரிகளை நாம் நம்புகிறோம்.

கல்லில் எழுதியதற்கு இந்த அதிர்ஷ்டம் எப்போதும் வாய்க்கவில்லை. திருப்பணி என்ற பெயரில் தமிழ்நாட்டின் பல கோயில்களில் மணல் வீச்சு நடந்தது. எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்கிறோம் என்று ஆரம்பித்து, கல்லின் மேல்தோலோடு கல்வெட்டு எழுத்தையும் சிற்பத்தின் மூக்கு முழியையும் தேய்த்தார்கள். கல்வெட்டு ஆய்வாளர்கள் கத்தியபிறகுதான் அதற்குத் தடை வந்தது. கும்பாபிஷேகத்துக்கு வந்தவர்கள் 'கோயில் பளிச்சுனு இருக்கு' என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். பளிச்சென்றுதான் இருந்திருக்கும்.

புதுக்கோட்டைக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் வாசகங்கள் 1929இலேயே தொகுத்து அச்சாகிவிட்டன. அதைப் புரட்டினால் எங்கள் ஊர்ச் சுவரில் யார் எதற்கு நிலம் கொடுத்தார்கள் என்று படிக்கலாம். அதிலும் சிதைந்த இடத்தில் சிதைந்தது என்று குறிப்பு இருக்கும். முதலில் படி எடுத்தல், பிறகுதான் துடைத்தல். இந்த வரிசையைத்தான் நான் மாற்றிச் செய்தேன்.

6

இந்த வெளிச்சத்தில் ப.சிங்காரத்தைத் திரும்பப் படித்தேன். சிங்கம்புணரிக்காரர். 1938இல் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார், போர் முடிந்து 1946இல் திரும்பினார், மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். அந்த எட்டு வருஷத்திலிருந்து வந்தவை 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற இரண்டு நாவல்கள். பிறகு எழுதவில்லை. முதலாவது 1959இல் வந்தது. இரண்டாவதை எழுதிப் பத்து வருஷம் காத்திருந்து 1972இல்தான் அச்சில் பார்த்தார்.

என் அய்யாவைப் போல ஆயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். அவர்கள் செய்தது ஒருவகை மெருகேற்றல்தான். போனேன், கஷ்டப்பட்டேன், வந்தேன் என்று மூன்று சொல்லில் முடித்தார்கள். மிச்சத்தைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார்கள். ஊருக்கும் அதுவே வசதியாக இருந்தது. சிங்காரம் ஒருத்தர்தான் அந்தப் பெட்டியைத் துடைக்காமல் திறந்தார்.

'புயலிலே ஒரு தோணி'யை முதல்முறை படிக்கிற இளம் வாசகர்கள் ஐம்பது பக்கத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். மலாய்ச் சொல், டச்சுத் தெருப் பெயர், வட்டிக்கடைக் குழூஉக்குறி எல்லாம் விளக்கமில்லாமல் வந்து விழும். மெடானில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். நடுவில் பழந்தமிழ்ப் பெருமையைப் போட்டுக் கிழிக்கிற கிண்டல். ஒரு நல்ல பதிப்பாசிரியர் கையில் கொடுத்தால் இதையெல்லாம் ராவி எடுத்து, ஓட்டமான ஒரு போர் நாவலாக்கித் தந்துவிடுவார். அப்படிச் செய்திருந்தால் நமக்கு இன்னொரு சாகசக் கதை கிடைத்திருக்கும், இந்த நாவல் கிடைத்திருக்காது. அந்தப் பழுப்பில்தான் வட்டிக்கடைப் பையன்கள் எப்படிப் பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள், ராத்திரியில் எதை நினைத்து அழுதார்கள் என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாண்டியனின் போர்ச் சாகசங்களில் சினிமா வாடை அடிக்கிறது என்ற பழைய குறை நியாயமானதுதான். நாயகன் கையில் ஆயுதம் வந்ததும் ஆசிரியருக்கே கை கொஞ்சம் அரிக்கிறது, பளபளப்பு ஏறிவிடுகிறது. எனக்கு அந்தப் பக்கங்கள் நாவலின் பலவீனமான பக்கங்கள். ஆனால் அந்தப் பளபளப்போடு நாவலை முடிக்க அவர் சம்மதிக்கவில்லை. பாண்டியன் ஊர் திரும்புவதில்லை. திரும்பியிருந்தால் அவனும் மூன்று சொல்லில் கதையை முடித்திருப்பான்.

திரும்பி வந்தவனின் கதை 'கடலுக்கு அப்பா'லில் இருக்கிறது. அளவில் சிறிய நாவல், அடங்கிய குரல். இந்த விஷயத்தில் பெரிய நாவலைவிட இதுவே கூர்மையானது என்று நினைக்கிறேன். செல்லையா பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். ஐ.என்.ஏ.வுக்குப் போகிறான், போர் முடிந்து கடைக்குத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் பிரியம். பிள்ளை மறுத்துவிடுகிறார். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனி வட்டித் தொழிலுக்கு லாயக்கில்லை என்பது அவர் முடிவு.

பல வருஷமாக நான் பிள்ளையை வில்லனாகப் படித்தேன். இப்போது அப்படிப் படிக்க முடியவில்லை. அந்த ஊரில் செல்லையாவை உண்மையாகப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களுக்கு அவன் பழைய செல்லையாவேதான். சட்டையை மாற்றிப் பேரேட்டுக்கு முன்னால் உட்காரவைத்தால் சரியாகிவிடுவான். துப்பாக்கி பிடித்த கை மாறிவிட்டது, அதைத் தேய்த்துப் பழையபடி ஆக்க முடியாது என்று தெரிந்தவர் பிள்ளை. அவர் பார்வை சரி. பார்த்ததை வைத்து எடுத்த முடிவில்தான் கொடுமை இருக்கிறது. தழும்பை அவர் கண்டுகொண்டார், தழும்போடு அவனை ஏற்றுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. சிங்காரம் இருவரில் யாரையும் மெருகேற்றவில்லை. செல்லையா அந்த நாவலில் சரிசெய்யப்படுவதில்லை. கடைசிவரை அப்படியே இருக்கிறான்.

மலேசியத் தமிழில் ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' என்று ரயில் பாதையைப் பற்றிய நாவல்கள் உண்டு. வட்டிக்கடைக்காரர்கள் பரணில் ஏற்றிய பெட்டியில் தோட்டத் தொழிலாளியின் பங்கு எவ்வளவு குறைவு என்பதை அவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் தெரியும். சிங்காரத்தின் உலகம் பெரும்பாலும் கடைக்காரர்களின் உலகம். அது அவருடைய புள்ளிக்கோடு.

7

ஒரு கேள்வி வரும் என்று தெரியும். கொலைக் கருவிக்கு எதற்கு இவ்வளவு கரிசனம்? கோயில் கல்வெட்டும் புறநானூறும் நம்முடையவை. ஆக்கிரமிப்பு ராணுவத்தின் துப்பாக்கி துருப்பிடித்து மண்ணாகிப் போனால் என்ன?

போனால் போகட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பளபளக்கும் நம்புதான் எனக்குப் பயம் தருகிறது. துருவோடும் தேதியோடும் ஒட்டாத எண்களோடும் இருக்கும் துப்பாக்கி, தான் எங்கே இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போது அதற்கு முன்னால் நின்றவர்கள் நினைவுக்கு வருவார்கள். எல்லாம் தேய்த்து, கருநீலம் ஏற்றி, சுழலும் மேசைமேல் வைத்துவிட்டால் அது ஒரு அழகான பொம்மை. பொம்மைக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், ஆசைதான் படுவார்கள். போரை மறப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

எங்கள் வீட்டு உறையிலும் அதைத்தான் செய்தேன். பாலிஷ் போட்டபிறகு பார்த்தவர்கள் எல்லோரும் 'எவ்ளோ நல்லா வச்சிருக்கீங்க' என்றார்கள். பெரியப்பா கதை இன்னும் கொஞ்சம் உறுதிப்பட்டது. அழகான பொருளுக்கு வீரக் கதை எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டுப் பரணிலும் மலேயாப் பெட்டியோ பர்மாப் பெட்டியோ இருக்கலாம். கையில் துணியை எடுப்பதற்கு முன் கைபேசியை எடுங்கள். மூடிக்கு உள்ளே, அடிப்பக்கம், தையல் ஓரம், எல்லா இடத்தையும் படமெடுங்கள். எண்ணெய் வேண்டாம். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை இரண்டாக இருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள். பிடித்ததை மட்டும் எழுதாதீர்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் வைத்தேன். அப்பத்தா சொன்னது, பெரியப்பா சொன்னது, அப்பா சொன்னது, மூன்றும். அதற்குக் கீழே: 'மூடியின் உள்ளே, பிள்ளையார் சுழிக்குக் கீழ், ஒரு மை முத்திரை இருந்தது. 2020இல் நான் அழித்துவிட்டேன்.' அதற்கடுத்து முத்திரை இருந்த அளவுக்குப் புள்ளி வைத்தேன். அப்பா வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து மூடினார்.